வலிப்பு இரண்டு நிமிடம், பயம் நாள் முழுக்க

கேள்வி: காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். என் தம்பிக்கு 26 வயது. பதினாலு வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தான். போன தீபாவளி நேரத்தில் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். முதலாளி, ‘உடம்பு நல்லா ஆனதும் வாப்பா’ என்று அனுப்பிவிட்டார். அதிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் கேரம் கிளப்பில்தான் இருப்பான், இப்போது அங்கேயும் போவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் லெவிடிராசிட்டம் என்று மாத்திரையை மாற்றினார்கள். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் கோபம் தாங்க முடியவில்லை. சோற்றுத் தட்டைத் தூக்கி எறிகிறான், அப்புறம் உட்கார்ந்து அழுகிறான். போன வாரம் ‘நான் இருந்து யாருக்கு என்ன லாபம்’ என்றான். அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர், அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா அவனைக் கதவைச் சாத்திக் குளிக்கக்கூட விடுவதில்லை. ஆயா, கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இது பைத்தியத்தில் போய் முடியுமா? கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமா? வலிப்புக்கு மாத்திரை தருகிறார்கள், மனசுக்கு யாரிடம் போவது?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது நிறைய. எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அந்த ஒரு வரி: ‘நான் இருந்து யாருக்கு என்ன லாபம்.’ ஏதோ கோபத்தில் சொன்னான் என்று இதை விட்டுவிடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருகிறது. இன்று ராத்திரியே, அக்கம்பக்கம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?”

இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுவீர்கள். எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பெரும்பாலும் முதலில் அழுகை வரும், அதற்கு அப்புறம்தான் பேச்சு வரும். ‘ஆமாம்’ என்றால் திட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். “எப்படின்னு யோசிச்சியா?” என்றும் கேளுங்கள். வழிவரைக்கும் யோசித்திருக்கிறான் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், அவசர சிகிச்சைப் பிரிவு ராத்திரியும் இருக்கும். தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அளவுக்கு இல்லை, பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணுக்கு அவனே போன் செய்யலாம், நீங்களும் செய்யலாம். டெலி மானஸ் என்று 2022இல் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை அது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, ஒரு மாதத்து மாத்திரை மொத்தமும் அவன் அலமாரியில் இருக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கொஞ்ச காலம் நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள். ஏன் என்பதையும் அவனிடமே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தக் கோபத்துக்கு வருவோம்.

லெவிடிராசிட்டம் நல்ல மாத்திரை. எத்தனையோ பேருக்கு வலிப்பை நிறுத்திக் கொடுத்திருக்கிறது. ஆனால் சிலருக்கு அது எரிச்சலையும் திடீர்க் கோபத்தையும் அழுகையையும் மனச்சோர்வையும் கொண்டு வரும். சாகவேண்டும் என்ற எண்ணத்தைக்கூட கொண்டு வரும். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலோ மாதங்களிலோ இது தெரியும். மாத்திரை மாறியது மூன்று மாதத்துக்கு முன்பு, கோபம் அதற்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நேரில் பார்க்காமல் இதுவே காரணம் என்று சொல்லிவிட மாட்டேன். தீபாவளியிலிருந்தே ஒரு மனச்சோர்வு உள்ளே இருந்து, மாத்திரை அதன்மேல் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். எப்படியிருந்தாலும் தட்டை எறிந்தவனைத் திமிர் பிடித்தவன் என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். எறிந்த பிறகு அவன் அழுகிறானே, தனக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்கே புரியவில்லை.

ஆனால் தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரைக்கூட எடுத்துவிடும். அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல், முடிந்தால் நாளைக்கே, நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்.

அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். டாக்டர், ‘பிட்ஸ் வந்துச்சா?’ என்பார். ‘இல்ல சார்’ என்போம். ‘அதே மாத்திரை’ என்று எழுதுவார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். வெளியே அத்தனை பேர் நிற்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது. ‘இல்ல சார்’ என்பதும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதனால் ஒரு தாளில் நாலு வரி எழுதி ஓபி சீட்டோடு சேர்த்துக் குத்தி அவர் கையில் கொடுங்கள். புது மாத்திரை ஆரம்பித்த தேதி. வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் எந்தத் தேதியிலிருந்து கோபம். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறான், வாரத்தில் எத்தனை நாள் அழுகிறான். கடைசி வரியில் ‘சாக வேண்டும் என்று பேசினான்’ என்று அப்படியே எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டு எந்த டாக்டரும் அதே மாத்திரை என்று எழுத மாட்டார்.

பைத்தியத்தில் முடியுமா என்றால், முடியாது. காக்காய் வலிப்பு என்று ஊரில் சொல்கிறோமே, அதில் காக்காயும் இல்லை, சாபமும் இல்லை. கால் கை வலிப்பு என்பதுதான் வாயில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆனது. மூளையின் நரம்பு செல்கள் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சுவதுதான் வலிப்பு. மனநிலையைப் பார்த்துக்கொள்வதும் அதே மூளைதான். சில வலிப்புகள் கிளம்பும் இடமும் நம் பயத்தையும் ஞாபகத்தையும் சோகத்தையும் கையாளும் இடமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அதனால் வலிப்பு உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ‘இவ்வளவு கஷ்டப்பட்டால் யாருக்கும் சோர்வு வரத்தானே செய்யும்’ என்று நாம் விட்டுவிடுகிறோம். வருத்தத்தோடு மூளையும் சேர்ந்து செய்கிற வேலை இது. மருந்துக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் கேட்கக்கூடியது.

சிலருக்கு வலிப்பு வருவதற்கு ஒரு நாள் முன்பே எரிச்சல் ஏறும். வந்து போன பிறகு ஓரிரண்டு நாள் மனம் அடியோடு கவிழ்ந்து கிடக்கும். காலண்டரில் வலிப்பு வந்த நாளை மட்டும் வட்டம் போடாமல், மனசு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தையும் எழுதி வைத்தால் இது பிடிபடும். அடுத்தடுத்து பல வலிப்பு வந்து, நன்றாகத் தெளிந்து, ஓரிரு நாள் கழித்து இல்லாத குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிரி என்று பேசுகிறான் என்றால் அது மட்டும் அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதுவும் சரியாகக்கூடியதுதான்.

கீழ்ப்பாக்கம் என்று நீங்கள் எழுதியபோது உங்கள் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் அது திட்டுகிற வார்த்தையாக ஆகிவிட்டது. 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் காலையில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள். ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஸ்டான்லியிலேயே நரம்பியலும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. நரம்பியல் டாக்டரிடமே, ‘மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க சார்’ என்று கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கூட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சில மாத்திரைகளில் அந்தக் கவனம் தேவை, அது எங்களுக்குத் தெரியும். செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போல நாங்கள் வழக்கமாகத் தருகிற மாத்திரைகளைச் சரியான அளவில் வலிப்பு உள்ளவர்களும் சாப்பிடலாம். கவனிக்காமல் விட்ட மனச்சோர்வுதான் வலிப்பைக் கூட்டும். தூக்கம் கெடும், மாத்திரை போட மனசு வராது, அப்புறம் விழுவான். இரண்டு டாக்டரும் மற்றவர் எழுதியதைப் பார்க்கும்படி சீட்டுகளை ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது டாக்டர்கள் செய்யவேண்டியது. இனிமேல் சொல்லப்போவது உங்கள் வீட்டைப் பற்றி. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

என்னிடம் ஒரு பெண் வருவார், தையல் வேலை. அவர் ஒருநாள் சொன்னார்: “விழுறது எனக்குத் தெரியாது டாக்டர். முழிச்சுப் பாக்கறப்போ சுத்தி நிக்கிற மூஞ்சிங்கதான் தெரியும்.” வலிப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த முகங்கள் முடிவதில்லை. உங்கள் தம்பி அந்தக் கடையில் கண் திறந்தபோது தன்மேல் நீட்டியிருந்த போனைப் பார்த்திருப்பான். அவன் இத்தனை மாதமாக வாசலைத் தாண்டாமல் இருப்பது வலிப்புக்குப் பயந்து என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபடி அப்படிக் கண் திறக்கவேண்டி வருமோ என்ற பயம்தான் அது. மாத்திரை வலிப்பை நிறுத்தும், இந்தப் பயத்தை நிறுத்தாது. வலிப்பே வராமல் போன பிறகும் அது தன் பாட்டுக்கு இருக்கும்.

வீட்டிலும் அதே முகங்கள்தான், பாசத்தோடு. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ராத்திரி மகன் கை இழுத்தால் தெரியவேண்டும் என்று தன் முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்குவார். மகனுக்கு வயது 31. அவர் வருஷக்கணக்கில் ஒரு ராத்திரிகூட அசந்து தூங்கியதில்லை. மகனும் ஒரு ராத்திரிகூட ஆண்பிள்ளையாகத் தனியாகப் படுத்ததில்லை. யார்மேல் குற்றம் சொல்வது? அந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முதலில் முடிச்சு போனது, அப்புறம் அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்தார், அப்புறம் கதவுக்கு வெளியே. ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் அம்மாவிடமும் அந்தக் குளியலறைக் கதவில் ஆரம்பிக்கலாம். கதவைச் சாத்திக் குளிப்பது 26 வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம், கதவை ஒருக்களித்துச் சாத்தட்டும், ஆள் உள்ளே இருக்கிறது என்பதற்குக் கதவுமேல் துண்டைப் போடட்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக் குளிக்கட்டும். தண்ணீர் பிடித்துவைக்கிற டிரம் உள்ளே இருந்தால் மூடி போட்டு வையுங்கள், தலைகுப்புற விழுகிற ஆபத்து அதில்தான். அம்மா வெளியே காய் நறுக்கிக்கொண்டு இருக்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கியா?’ என்று கூப்பிடாமல் இருந்தால் போதும். முதல் வாரம் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். அந்த நேரம் நீங்கள் அவர் பக்கத்தில் இருங்கள்.

சாவிக்கொத்துக்கு வருகிறேன். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். யாரோ ஓடிப்போய் இரும்பைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்கும் அது அடங்குவதற்கும் சரியாக இருக்கும், பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. செய்யவேண்டியது இவ்வளவுதான்: பக்கத்தில் இடிக்கிற பொருளைத் தள்ளிவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பார்க்கவேண்டும். கை காலைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் ஸ்பூன், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே மறுபடி வந்தால் 108. எழுந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, ‘ஒண்ணும் இல்லப்பா, நம்ம எடத்துலதான் இருக்க’ என்று சொல்லவேண்டும். இந்தக் கடைசி வேலையை நான் சும்மா சேர்க்கவில்லை. அவன் மறுபடி வெளியே போவானா என்பது இதில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் கடைக்கு அனுப்பாதீர்கள், கேரம் கிளப்புக்கு அனுப்புங்கள். அங்கே அவனுக்குச் சிநேகிதர்கள் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரைத் தம்பியே தேர்ந்தெடுக்கட்டும். அவன் சம்மதத்தோடு நீங்கள் அவர்களைக் கூப்பிட்டு மேலே சொன்னதைச் சொல்லிக்கொடுங்கள். போனை எடுக்கிறவன் கையைத் தட்டிவிட ஒருத்தன், ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருத்தன். முதல் நாள் அரைமணி நேரம் போதும். ஆடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலும் சரி. மனச்சோர்வில், ‘மனசு வந்ததும் போறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். போன பிறகுதான் மனசு வரும்.

அன்றைக்குக் கடையில் ஏன் வந்தது என்பதையும் அவனோடு உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டில் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று நமக்குத் தெரியும். முந்தின ராத்திரி எவ்வளவு தூங்கினான்? மத்தியானம் சாப்பிட்டானா? காலை மாத்திரை போட்டானா? தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் வலிப்பைக் கிளப்புகிற பெரிய காரணங்கள். ‘எப்போ வேணா எங்கே வேணா வரும்’ என்று நினைத்துக்கொண்டு இருப்பவன் மூலையில்தான் உட்காருவான். ‘அன்னிக்கு ரெண்டு நாள் தூங்கல, அதான் வந்துச்சு’ என்று தெரிந்தவனுக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். வீட்டிலும் பாருங்கள்: அப்பா இரண்டு மணிக்குக் கிளம்பும்போது விளக்கைப் போட்டுப் பாத்திரத்தை உருட்டினால் அவன் தூக்கம் அங்கேயே உடைந்துவிடும். அவன் படுக்கும் இடத்தை மாற்றுங்கள், அல்லது அப்பாவின் சட்டையையும் பையையும் முந்தின ராத்திரியே வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்கிறீர்கள். இதைச் சொல்லும்போதே மற்றதையும் அவரிடம் சொல்லுங்கள். தெரிந்தால் உடைந்துவிடுவார் என்று வீட்டில் மறைப்பார்கள். தெரியாமல் அவர் போடுகிற ஒரு சத்தம் தம்பியை இன்னும் அதிகம் உடைக்கும்.

படகு வேலை, ஏணி ஏறுகிற வேலை, வண்டி ஓட்டுவது இவை வேண்டாம். குடி வேண்டாம். துணிக்கடைக் கவுன்ட்டர் வேலை அவனுக்குத் தாராளமாக ஒத்துவரும். உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றில் எழுபது பேர் வரைக்கும் வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எழுபதில் உங்கள் தம்பியும் இருக்கக்கூடும் என்பதற்கு இந்த மூன்று மாதம் நல்ல அறிகுறி. மனசு தேறியதும் அவனே முதலாளியிடம் போய், ‘பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கண்ணா, நேரத்துக்குச் சாப்பிட விடுங்க’ என்று கேட்கட்டும். அவர் முடியாது என்றால் அந்தத் தெருவில் வேறு கடையும் இருக்கிறது.

ஆயா சொல்கிற கல்யாணம் இப்போது வேண்டாம். கல்யாணத்தால் வலிப்பும் போகாது, மனச்சோர்வும் போகாது. அதற்காக அவனுக்குக் கல்யாணமே கூடாது என்று யாரும் சொல்ல உரிமை இல்லை. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது, 1999இல் அதை எடுத்துவிட்டார்கள். அவன் தேறி, அவனுக்கு விருப்பம் வந்து, பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லி நடக்கட்டும். மறைத்துச் செய்த வீடுகளை நிறைய பார்த்திருக்கிறேன். மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்து, மனைவி தூங்கிய பிறகு எடுத்துப் போட நினைத்து, தானும் தூங்கிப்போய், மறுநாள் விழுந்த பிள்ளை ஒருவன் உண்டு. ஆயாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். அவருக்கும் பேரன் நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் ஆசை.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தட்டு பறக்கும்போது தள்ளி நிற்பதும், அம்மாவைச் சமாளிப்பதும், அப்பாவிடம் மறைப்பதும் நீங்கள்தான் என்று தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் உங்களுக்கும் தூக்கம் வருகிறதா என்று ஒரு வார்த்தை அங்கேயே சொல்லிவிடுங்கள். 14416 உங்களுக்கும்தான்.

இந்தப் பதிலை அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டாம், அவனிடமே படிக்கக் கொடுங்கள். அவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றி நாம் இரண்டு பேரும் இவ்வளவு பேசிவிட்டோம். நான் எங்கே தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று அவனே எனக்கு எழுதட்டும்.